மறைந்தோர் அறையில் ஒரு பச்சைப் புள்ளி

செவ்வாய்க்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்து கணினியைத் திறந்த மொய்தீன் ராவுத்தர், திரையின் இடப்பக்கம் புதிதாக வந்திருந்த அறைகளின் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். கோபாலபுரம் வீடு, மூன்று பேர். பாலக்காடு வீடு, முப்பத்தொரு பேர். பொள்ளாச்சி வீடு, முப்பது பேர். அதற்கும் கீழே, யாரும் கேட்காத ஒன்று: மறைந்தோர், பதினான்கு பேர். இறந்தவர்களுக்குப் பேசிக்கொள்ள அறை எதற்கு என்று அவர் முகம் சுளித்தபோது, அந்த வரியின் ஓரத்தில் கடுகளவு பச்சைப் புள்ளி ஒன்று எரியத் தொடங்கியது.

ஒருவர் இணைப்பில் இருக்கிறார்.

பாலக்காட்டுத் துணிக்கடையை விட்டு ஓய்ந்ததிலிருந்து ஒன்பது வருடமாக அந்தக் குடும்ப வலைத்தளம் அவர் பொறுப்பில் இருந்தது. அறுபத்து நான்கு பேருக்கும் ஆளுக்கொரு பக்கம். ஒருத்தி மீன் குழம்பு வைக்கும் பக்குவம் எழுதுவாள், ஒருவன் உம்ரா போய்வந்த கதை எழுதுவான். எதுவானாலும் முதலில் அவரிடம் வரும். அவர் படித்துச் சரி கொடுத்த பிறகுதான் மற்றவர் கண்ணில் படும். அதில் சாட் வைக்கலாம் என்று சொன்னது தம்பி மகன் சிராஜ். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. வாட்ஸ்அப் குழுவில் பெண்டுகள் போட்ட சண்டையில் ஒரு நிச்சயதார்த்தமே முறியப் பார்த்ததால் அவரும் சம்மதித்தார். ஒரே ஒரு கட்டளை போட்டார். எழுதினதை எவரும் அழிக்கக் கூடாது. சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்க வேண்டும்.

சிராஜைப் போனில் கூப்பிட்டார்.

"அதுங்களா பெரியத்தா? ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு ரூம் தானா உண்டாகற மாதிரி எழுதி வெச்சேனுங்க. மர்ஹூம்னு நீங்க டிக் போட்டவங்க ஒரு பிரிவில்லீங்களா, அதுக்கும் ஒண்ணு ஆயிருச்சு. அதுக்குள்ள அவங்களும், அட்மின்னு நீங்களும் நானுந்தான் போக முடியும்."

"ஒருத்தர் இருக்கறதாக் காட்டுது."

"ஏதாச்சும் கோளாறா இருக்கும்." சிரித்தான். "எங்க அத்தாவா இருந்தா எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க. புல்லட்டோட ரெண்டாவது சாவிய எங்க வெச்சுட்டு மவுத்தானாருன்னு இன்னும் தேடிட்டிருக்கேன்."

மொய்தீன் ராவுத்தர் சிரிக்கவில்லை. அந்தப் பதினான்கு பேரில் பதின்மூன்று பேர்தான் இறந்தவர்கள். அது தெரிந்தவர்கள் குடும்பத்திலேயே இரண்டு பேர். அவரும், உள்ளறையில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி பீவியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், தேவிகுளத்தில் ரிஜிஸ்டர் ஆபீஸ் பலகையில் ஒட்டியிருந்த ஒரு கல்யாண நோட்டீஸைப் படம் பிடித்து யாரோ அவருக்கு அனுப்பினார்கள். அதில் அவருடைய ஒரே மகள் ஷஹ்லாவின் பெயரும், சாந்தன்பாறையில் ஏலத்தோட்டத்து ஜீப் ஓட்டும் ஜெகன் என்பவனின் பெயரும் இருந்தன. அவர் போய்ச் சண்டை போடவில்லை. அழவில்லை. மலைக்கு வேலைக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு மகள் இறந்துவிட்டாள், அங்கேயே அடக்கம் செய்தாயிற்று என்று குடும்பத்துக்குச் சொன்னார். மஹல்லு ஜமாஅத் புத்தகத்தில் அப்படியே எழுத வைத்தார். மூன்றாம் நாளும் நாற்பதாம் நாளும் ஃபாத்திஹா ஓதி, முந்நூறு பேருக்கு நெய்ச்சோறு போட்டார். நாற்பதாம் நாளில் பீவி அழுத அழுகையை யாரும் சந்தேகப்படவில்லை. அன்று சாயங்காலம் இதே நாற்காலியில் உட்கார்ந்து, மகள் பெயருக்கு எதிரே மர்ஹூம் என்ற கட்டத்தில் டிக் போட்டார். அவள் பக்கம் மறைந்தோர் பிரிவுக்குப் போயிற்று. அவளுடைய கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று அன்று அவருக்குத் தோன்றவில்லை.

அறையைத் திறந்தார்.

*ஷஹ்லா: யாராச்சும் இருக்கீங்களா?*

வெளியே கோபாலபுரத்து எல்லைச் சோதனைச்சாவடியில் நிற்கும் லாரிகளின் ஹார்ன் கேட்டது. கணவாயிலிருந்து வரும் காற்று, மழையே இல்லாத வெறுங்காற்று, தென்னை மட்டைகளை உரசிக்கொண்டு போயிற்று. முதலில் வந்தது கோபம்தான். இவளுக்கு என்ன துணிச்சல். பிறகு, அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தோம் என்று கணக்குத் தவறியபோது, அவர் கணினியை அணைத்தார்.

புதன்கிழமை பகல் முழுக்க அவர் அந்தப் பக்கம் போகவில்லை. கொல்லையில் தேங்காய் உரிப்பதை மேற்பார்த்தார். வெள்ளிக்கிழமை ரஸியாவைப் பெண் பார்க்க உடுமலைப்பேட்டையிலிருந்து வருகிறவர்களுக்கு ஆட்டுக்கறி சொல்லிவிட்டு வந்தார். ரஸியா சிராஜின் தங்கை. தாயும் தகப்பனும் போன பிறகு இந்த வீட்டில் வளர்ந்தவள். உடுமலைக்காரர்கள் குடும்பம் பார்க்கிறவர்கள், ஒரு சொல் பொறுக்காதவர்கள். எல்லா வேலையும் முடிந்து மஃரிப் தொழுகைக்கு முன்னால் அவர் உட்கார்ந்தபோது அறைக்குள் நிறைய எழுதியிருந்தது.

*ஷஹ்லா: அத்தா, இந்த ஒரு ரூமுதான் எனக்குத் தொறக்குது. நீங்க பாப்பீங்கன்னு எழுதறேன்.*

*ஷஹ்லா: இங்க அஞ்சு நாளா மழை நிக்கல. ஜெகன் பூப்பாறைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டார். ரோடு போயிருச்சு. ஊட்டுக்குப் பின்னாடி மேடு வெடிச்சிருக்கு. நேத்து விரல் நுழைஞ்சுது. இன்னிக்கிக் கை நுழையுது.*

அதற்குக் கீழே, அவர் இதுவரை பார்த்திராத ஒரு சாம்பல் நிறப் பட்டையில்:

*உதுமான்: யாரு?*

உதுமான் சிராஜின் தகப்பன். நான்கு வருடத்துக்கு முன்னால், கபருக்குள் இறங்கி அவன் தலையைக் கிப்லாப் பக்கம் திருப்பி வைத்தது இவருடைய கைகள்தான். அந்தக் கைகள் இப்போது மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டன.

*ஷஹ்லா: சின்னத்தாவா? சிராஜ் அண்ணே, வெளையாடாதீங்க.*

*உதுமான்: ஷஹ்லாவா? எங்க கண்ணு இருக்கே? உன் பேரு மூணு வருசமா இங்க இருக்கு.*

*ஷஹ்லா: நான் மவுத்தாகல.*

*உதுமான்: உன் அத்தாதான எழுதி அனுப்பினார். ஃபாத்திஹா வந்துச்சு. நெய்ச்சோறு வந்துச்சு. நீதான் வரல.*

பள்ளியில் பாங்கு சொன்னார்கள். அவர் எழவில்லை. ஃபாத்திஹாவைப் பற்றிச் சிராஜ் எழுதலாம், சோற்றைப் பற்றி எழுதலாம், அவனும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன்தான். ஆனால் மகள் உயிரோடு இருப்பது தெரிந்தால் அவன் விளையாட மாட்டான். நேரே காரை எடுத்துக்கொண்டு சாந்தன்பாறைக்குப் போவான். அவன் அப்படிப்பட்டவன். பச்சைப் புள்ளிகள் இப்போது இரண்டு. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது எரிந்தது. செத்து இருபது வருடமான அவருடைய அக்கா, தன் பெயரைக்கூட எழுதத் தெரியாத ஹவ்வாம்மா.

*ஹவ்வாம்மா: எடம் போட்டு வெச்சிருக்கு புள்ளே.*

வியாழக்கிழமை காலை மறுபடியும் சிராஜைக் கூப்பிட்டார். குரல் நடுங்காமல் இருக்கக் கடைக்காரரைப் போலப் பேசினார்.

"ஒருத்தர் பேருக்கு மேல இருக்கற டிக்க எடுத்தா என்னாகும்?"

"அவங்க பழைய ஊட்டு ரூமுக்கு வந்துருவாங்க. எல்லாரு போனுக்கும் அறிவிப்பு போகும், இன்னார் இணைந்தார்னு. ஏனுங்க பெரியத்தா, யாராச்சும் எந்திரிச்சு வந்துட்டாங்களா?"

"சும்மா கேட்டேன்."

"சாட்டுல நீங்க எழுத ஆரம்பிச்சாலே அந்தப் பக்கம் காட்டும், பாத்துக்குங்க. மொய்தீன் எழுதிக்கொண்டிருக்கிறார்னு வரும். போன வாரம் சோதிச்சுப் பாத்தப்ப நாளெல்லாம் அப்படியே காட்டிச்சு. பெட்டிக்குள்ள பாதி எழுதி வெச்சுட்டுத் தொழப் போயிட்டீங்க. பொள்ளாச்சி மாமி, அண்ணன் என்னமோ ஃபத்வா எழுதறாருன்னு பயந்துட்டாங்க."

அறுபத்து நான்கு போன்கள். அவர் மனதுக்குள் அவற்றை ஒவ்வொன்றாக ஒலிக்க விட்டுப் பார்த்தார். செத்துப் போனாள் என்று சொன்னாரே. ஜமாஅத்தில் எழுதினாரே. முந்நூறு பேர் கை கழுவிவிட்டுத் துஆ செய்தார்களே. மொய்தீன் ராவுத்தரின் சொல் பொய். நாளைக்கு உடுமலைக்காரர்கள் வாசலோடு திரும்புவார்கள். தகப்பனில்லாத பெண் ரஸியா என்ன பாவம் செய்தாள்? வெள்ளிக்கிழமை போகட்டும். சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். மேடு என்றால் வெடிக்கும், மழை விட்டால் கூடிக்கொள்ளும்.

அன்று சாயங்காலம் அவள் எழுதியிருந்தாள்.

*ஷஹ்லா: பக்கத்து லயத்துக்காரங்கெல்லாம் எறங்கறாங்க அத்தா. நாளைக்குப் பத்து மணிக்குக் கடைசி ஜீப்பு. போடி வழியா வந்தா ராத்திரிக்குள்ள கோபாலபுரம் வந்துரலாம். ஒரு வார்த்தை எழுதுங்க. வான்னு எழுதுனாப் போதும். உங்க வார்த்தை இல்லாம உங்க வாசலுக்கு வர மாட்டேன். நான் உங்க மகதானே.*

அவள் அப்படித்தான். வளைய மாட்டாள். யாரிடமிருந்து அது அவளுக்கு வந்தது என்று அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தார். விசிறி சுற்றியது. சமையலறையிலிருந்து நெய்யும் பட்டையும் மணந்தது, அதற்கு அடியில் ஈரமான சாக்கின் வாடை ஒன்று, இந்த வறண்ட ஊரில் எங்கிருந்து வருகிறதென்று தெரியாத வாடை, அறையின் மூலைகளில் தேங்கி நின்றது. மறைந்தோர் அறையில் ஒன்பது புள்ளிகள் எரிந்தன. அவர் விசைப்பலகையில் கை வைத்தார். 'நீ' என்று எழுதினார். அழித்தார். 'உன் உம்மா' என்று எழுதினார். அழித்தார்.

*ஷஹ்லா: அத்தா! நீங்க எழுதறது காட்டுது.*

அவர் கை சுட்டது போல நின்றது.

*ஷஹ்லா: ஜீப்பு வந்துருச்சு. ஹார்ன் அடிக்கறாங்க. எழுதுங்க அத்தா, நான் நிக்கறேன்.*

எழுதினால் அழிக்க முடியாது. அவரே போட்ட கட்டளை. சிராஜ் என்றைக்காவது பார்ப்பான். அவர் 'வ' என்று ஓர் எழுத்தை அடித்தார். அதற்குக் காலிட இன்னொரு விசை. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

வாசலில் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது.

"பெரியத்தா!" சிராஜ் கதவைத் தட்டினான். "வந்துட்டாங்க. ஜும்ஆவ நம்ம பள்ளியிலயே தொழலாம்னு பத்தரைக்கே வந்துட்டாங்க. வாங்க!"

பழக்கம் அவரை எழுப்பியது. தொப்பியைச் சரிசெய்தார், போனைச் சட்டைப் பையில் போட்டார், கதவைத் திறந்தார். பெட்டிக்குள் 'வ' அப்படியே இருந்தது.

உடுமலைப் பெரியவர் பருத்த மனிதர். தேநீரை உறிஞ்சிக்கொண்டே வீட்டை நோட்டமிட்டார். "ஏனுங்க ராவுத்தரே, நாங்க நாலு ஊர்ல விசாரிச்சாச்சு. உங்க ஊட்டப் பத்தி ஒரு சொல்லு சொல்ல ஆளில்ல. எங்க சம்பந்திகூட ஏதாச்சும் கெடைக்குமான்னு தேடித்தேடி ஓஞ்சுட்டார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் நெஞ்சின்மேல் போன் அதிர்ந்தது.

*ஜீப்பு போயிருச்சு அத்தா. பரவால்ல. நீங்க எழுதிட்டிருக்கீங்க.*

கையில் மறைத்துப் படித்துவிட்டு உள்ளே வைத்தார். ரஸியா தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் தாய் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தாள். "சவுரி இல்லையே?" "இழுத்துப் பாருங்க மாமி" என்றாள் ரஸியா. மறுபடி சிரிப்பு. அவர் எழுந்து போக வேண்டும். ஓர் எழுத்து. ஒரே ஒரு விசை. பெரியவர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தன் ஹஜ் பயணத்தைச் சொல்லத் தொடங்கியிருந்தார். பதினோரு மணி அடித்தது. காலுக்கடியில் தரை மெல்ல, லாரி போவது போல, ஒருமுறை அதிர்ந்தது. தேநீர்க் கோப்பைகளில் வட்டம் விழுந்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை.

அதன் பிறகு போன் நிற்கவில்லை.

பள்ளிக்கு நடக்கும்போது அதிர்ந்தது. குத்பாப் பிரசங்கத்தில் அதிர்ந்தது. சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்தபோது நெஞ்சுக்கும் தரைக்கும் இடையில் அதிர்ந்தது, உள்ளிருந்து யாரோ தட்டுவது போல. பந்தியில் அவருக்கு எதிரே கறியை அள்ளி வைத்தார்கள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார். வீட்டுக்குப் பெரியவராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மூன்றரைக்கு அவர்கள் சம்மதம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். கார் திரும்புவதற்குள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"ஐயா… நான் ஜெகன்." மழையின் இரைச்சலுக்குள் ஓர் ஆணின் அழுகை. "மேடு எறங்கிருச்சுய்யா. காலைல பதினோரு மணிக்கு. வீடு இருந்த எடமே தெரியல. எல்லாரும் ஜீப்புல ஏறுங்கன்னு கூப்பிட்டிருக்காக. இவ மட்டும் ஏற மாட்டேன்னுட்டாளாம். எங்கப்பா எழுதிக்கிட்டு இருக்காருன்னு போனப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாளாம். இப்பத்தான்யா எடுத்தோம். கைல போன் அப்பிடியே இருக்கு."

அவர் போனைப் பையில் போட்டார். கணினி அறைக்கு நடந்தார். கதவைச் சாத்தினார்.

திரையில் பதினான்கு புள்ளிகளும் பச்சை.

*11.04 ஷஹ்லா: அத்தா.*

*11.20 ஷஹ்லா: இருட்டா இருக்கு. நீங்க எழுதறது மட்டும் தெரியுது.*

*12.50 ஷஹ்லா: இன்னும் எழுதறீங்க.*

*1.15 ஷஹ்லா: சின்னத்தா வந்து கூப்பிடறாங்க. எங்க அத்தா எழுதி முடிக்கட்டும்னு சொல்லியிருக்கேன்.*

*2.40 ஷஹ்லா: எல்லாரும் உக்காந்து அதத்தான் பாத்துட்டிருக்கோம்.*

பெட்டிக்குள் 'வ'.

அவர் காலிட்டார். வா. அனுப்பினார். வெளியே ஒரு லாரி ஹார்ன் அடித்து ஓய்ந்தது. பதில் வரவில்லை. பதின்மூன்று புள்ளிகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒன்று மட்டும் நின்றது. அந்த அறையை விட்டு அவளால் வெளியே வர முடியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பூட்டியது அவர். சாவியும் அவரிடம். உறுப்பினர் பட்டியலைத் திறந்தார். மகள் பெயரைத் தேடினார். மூன்று வருடத்துக்கு முன்னால் போட்ட டிக்கை எடுத்தார். எல்லா உறுப்பினருக்கும் அறிவிக்கப்படும், சரியா என்று கேட்டது.

"சரி" என்றார், வாய்விட்டு. அழுத்தினார்.

முற்றத்தில் சிராஜின் போன் ஒலித்தது. மாடியில் ரஸியாவின் போன். அவர் பையில். அறுபத்து நான்கு.

*ஷஹ்லா கோபாலபுரம் வீட்டில் இணைந்தார்.*

"பெரியத்தா?" முற்றத்திலிருந்து சிராஜின் குரல், உடைந்து. "பெரியத்தா, இது என்னங்க?"

உள்ளறையில் பேச்சுக் குரல் கேட்டது. பீவி. யாருடனோ. தாழ்ந்த குரலில், தூங்கப் போகும் குழந்தையிடம் பேசுவது போல.

"அசையாத, கண்ணு. எவ்வளவு சிக்கு பாரு. இத்தன நாளா யாரு வாரிவிட்டா?"

அவர் நடந்தார். கூடம். ஈர வாடை. உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது.

கட்டிலின் விளிம்பில் பீவி உட்கார்ந்திருந்தாள். கீழே, அவள் முழங்கால்களுக்கு நடுவே, ஒருத்தி வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். நனைந்த தோள்கள். இடுப்பு வரை கூந்தல்.

"ஷஹ்லா" என்றார் அவர்.

அவள் திரும்பவில்லை.

மறுபடி கூப்பிட்டார். பெற்ற நாளிலிருந்து எத்தனையோ விதமாகக் கூப்பிட்ட பெயர். குரல் வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. அந்தத் தலை ஒரு நூல் அளவும் அசையவில்லை. பீவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை, கண்ணீர் இல்லை. உதட்டில் விரல் வைத்து, சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டிவிட்டு, மறுபடி குனிந்தாள். சீப்பை உச்சியில் வைத்து மெதுவாகக் கீழே இழுத்தாள். இழுக்க இழுக்க, அந்தக் கூந்தலிலிருந்து கறுத்த மலைமண் உதிர்ந்துகொண்டே இருந்தது. தரையில் சேர்ந்த குவியல் பீவியின் கணுக்காலை மூடி, முழங்காலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.